அப்பா சொன்ன ‘சரி’

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

இல்லை, அழவில்லை. சந்தோஷத்திலும் அழவில்லை, கோபத்திலும் அழவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவுதான். நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அதை நம்புகிறேன். மற்றதை நம்ப முடியவில்லை.

‘அப்பா இரட்சிக்கப்பட்டுவிட்டார்.’ முற்றுப்புள்ளி வேறு வைத்திருக்கிறாய்.

பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோனவர். பேச்சில் மிச்சம் இருப்பது ‘சரி’ என்ற ஒரே ஒரு சொல் என்று போன மாதம் நீதான் எழுதினாய். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எப்படி விசுவாச அறிக்கை செய்தார்? கேட்டது யார்? என்ன வார்த்தைகளில்? அறையில் வேறு யார் இருந்தார்கள்?

என் வேலை உனக்குத் தெரியும். கோர்ட்டில் சாட்சி சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன். ‘ம்’ என்பதை எழுதக் கூடாது. வக்கீல் திரும்பக் கேட்பார்: “ம்-னா ஆமாவா, இல்லையா?” மிரண்டுபோனவன் “சரிங்க” என்பான். தாளில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று விழும். விழவைப்பது என் விரல்கள். அதனால் கேட்கிறேன்.

போனிலேயே கேட்டிருப்பேன். போனில் நாம் இரண்டு வாக்கியத்துக்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். எழுது.

உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மெஷினில் குனிந்தே உட்காராதே.

கால்கிலோ

*

பிப்ரவரி 20

என் அருமைத் தங்கைக்கு,

கர்த்தருடைய தயவில் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? அந்த ஈரச் சுவர் அறையை மாற்று என்று எத்தனை முறை சொல்வது.

கேட்டாயே, சொல்கிறேன். அன்று சாயங்காலம் அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஸ்கூல் யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் மிதிப்பதை நிறுத்தினேன். சபையிலிருந்து டீச்சரம்மா வந்திருந்தார்கள், ஜெபிக்க.

“மாமா, நீங்க பாவின்னு ஒத்துக்கறீங்களா?”

“சரி.”

“உங்க பாவத்துக்காக அவர் ரத்தம் சிந்தினார்னு நம்பறீங்களா?”

“சரி.”

ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ள விருப்பமா என்று மூன்றாவதும் கேட்டாயிற்று. அதற்கும் சரி. டீச்சரம்மா தேம்பித் தேம்பி அழுதார்கள். எனக்குக் கையில் பிடித்திருந்த துணி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஞானஸ்நானம் ஏப்ரல் கடைசி ஞாயிறு. குளிர் போய்விடும். சபைத் தொட்டியில் வெந்நீர் கலந்துவிடுவார்கள். நாற்காலியோடு நான்கு பேர் இறக்கித் தூக்குவார்கள். பயப்படாதே.

அப்பா முகம் அன்றைக்கு எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா? நீ பார்த்திருக்க வேண்டும். சந்தேகப்படுவது உன் வேலை, புரிகிறது. ஆனால் அவர் கட்டிலைக் கூண்டாக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. உனக்காகவும் ஜெபிக்கிறேன். அதற்குக் கோபப்படாதே.

உன் அக்கா

*

மார்ச் 1

அக்கா,

இருமல் விட்டது. அறை மாற்றவில்லை.

“மூன்றாவதும் கேட்டாயிற்று” என்று எழுதியிருக்கிறாய். முதல் இரண்டையும் அத்தான் கேட்டார். மூன்றாவதை யார்? ஆள் இல்லாத வாக்கியம். எங்கள் கோர்ட்டில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் நீதிபதி பேனாவை மூடிவிடுவார்.

யோசித்துப் பார். தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடும் இன்ஸ்பெக்டர் அவர். பிறந்தபோது எடை குறைவாக இருந்தேன் என்று பெற்ற பிள்ளைக்கே ‘கால்கிலோ’ என்று பெயர் வைத்தவர். முள் அசைவது நிற்கும்வரை வாய் திறக்க மாட்டார். கடைக்காரர் வியர்த்துப்போய் நிற்பார். அப்புறம்தான் அந்தச் ‘சரி’ வரும்.

உன்னைப் பெண் கேட்டு அத்தான் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் நடந்தது நினைவிருக்கிறதா? அத்தான் உற்சாகமாகச் சொன்னார், நம் குறைவை எல்லாம் அவர் சிலுவையில் சரிக்கட்டிவிட்டார் என்று. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னைச் சரிக்கட்ட வந்தவங்களும் நிறைய பேர், தம்பி. ஒரு கடைக்காரன் எடை குறைச்சுட்டான். அவன் அண்ணன் வந்து, தம்பிக்குப் பதிலா என்னைத் தண்டிங்கன்னு நிக்கறான். நான் அந்தத் தராசுக்கு முத்திரை போட்டுடறதா?”

அம்மா மேஜைக்கு அடியில் உதைத்தாள். உதை எனக்கு விழுந்தது. பெண்ணைக் கொடுத்தார், பதிலை வாபஸ் வாங்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவைச் சபை கேட் வரை கொண்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே குடையோடு நின்றார். மழையிலும் உள்ளே போகவில்லை. நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று அவரிடம் மட்டும் சொன்னேன், எனக்கு இந்த நம்பிக்கை இல்லை, உங்களைப் போலத்தான் என்று. “சரி” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்த மாமனாரைக் கொண்டுவர முடியாத போதகர் என்று சபையில் பேச்சு இருக்கிறதாமே. அத்தானுக்கு ஏன் அவசரம்?

உங்கள் உபதேசத்தையே எடுத்துக்கொள்வோம். கர்த்தர் ரத்தம் சிந்தியது தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு, அதாவது அவர் முன்பே தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் என்கிறீர்கள். அப்பா அந்தக் கணக்கில் இருந்தால் இந்தச் ‘சரி’ தேவையில்லை. இல்லையென்றால் பிரயோஜனமில்லை. எல்லாருக்காகவும் சிந்தினார் என்றால், அப்போதும் தேவையில்லை. பிறகு யாருக்குத் தேவை அது?

ஒன்று செய். அவர் ஒருநாளும் சரி என்று சொல்லக்கூடாத ஒன்றைக் கேள். இறந்துபோன அம்மாவை வைத்தே, “அம்மா சமையலறையில இருக்காளா அப்பா?” என்று கேள். பதிலை எழுது.

பிள்ளைகளுக்கு முத்தம்.

கால்கிலோ

*

மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுகமறிய ஆவல். பதில் தாமதம், மன்னித்துவிடு. பள்ளிக்கூடத்து ஆர்டர் இன்னும் முடியவில்லை, ஒரே தையல். சின்னவனுக்குக் கால் வளர்ந்து ஷூ மறுபடி சேரவில்லை. அப்பாவுக்கு முதுகில் புண் வருகிறது போலிருந்தது, காற்றடைத்த மெத்தை ஒன்று வாங்கிப் போட்டோம். இரவெல்லாம் அது ‘உஸ்’ என்கிறது. அவர் முறைத்துப் பார்க்கிறார். எங்கோ ஒழுகுகிறது என்று அவருக்குச் சந்தேகம். உன் அப்பாதானே.

தொட்டிக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெள்ளை வேட்டி எடுத்து ஓரம் அடித்து வைத்துவிட்டேன்.

அவரைப் பரீட்சை வைக்க நான் யார்? நீதான் யார்?

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் முறை. சுற்றி வளைக்கவில்லை.

அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். மெத்தை, ஷூ, பெயின்ட் எல்லாம் எழுதியிருக்கிறாள். ‘கேட்கவில்லை’ என்று மட்டும் எழுதவில்லை. நீங்கள் தடுத்தீர்களா?

அப்பாவைத் தொட்டியில் இறக்கப்போவது நீங்கள். அவர் சம்மதித்தார் என்று நீங்கள் மனதார நம்புகிறீர்களா? ஆமா, இல்லை என்று எழுதினால் போதும்.

தங்கள் மைத்துனி

*

ஏப்ரல் 4

பிரியமான தங்கச்சிக்கு,

சமாதானமும் சுகமும் உனக்கு உண்டாவதாக. ஆமா, இல்லை என்று எழுத முயன்றேன். இரண்டு தாள் கிழிந்தது.

நீ என்னைச் சந்தேகிப்பது நியாயம்தான். எனக்கே என்மேல் இருந்தது. சபையில் அந்தப் பேச்சு உண்டு. மாமா முதல் தடவை ‘சரி’ என்றதும் என் மனம் துள்ளியது உண்மை. இரண்டாவது கேள்விக்கு அவர் ரொம்பச் சீக்கிரம் சொன்னார். முள் நிற்பதற்கு முன்பே. அந்த மேஜையில் நானும்தானே இருந்தேன். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. அதோடு நிறுத்திவிட்டு எழுந்துவிட்டேன். மூன்றாவதை நான் கேட்கவில்லை.

தள்ளிப்போடலாம் என்று நான்தான் சொன்னேன். உன் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இதை அவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிரசங்கம் செய்யத் தெரிந்தவனுக்கு வீட்டில் பேசத் தெரிவதில்லை.

மாமா அன்று கேட்டதற்கு எனக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பதில் தோன்றுகிறது. எந்தத் தராசும் தன்னைச் சரி என்று தானே சொல்லிக்கொள்வதில்லை. சொல்வது வேறொருவர். இரட்சிப்பு என்று நான் பிரசங்கிப்பது அதைத்தான். நம் வாயிலிருந்து வருகிற சொல் அல்ல அது, நம்மைப் பார்த்துச் சொல்லப்படுகிற சொல். பக்கத்துச் சிலுவையில் தொங்கிய திருடனுக்குக் கிடைத்தது அதுதான். அவனிடம் யாரும் மூன்று கேள்வி கேட்கவில்லை.

பிறகு ஏன் தொட்டி என்று கேட்பாய். கேள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அத்தான்

*

ஏப்ரல் 8

அக்கா,

மூன்றாவது கேள்வி உன்னுடையது.

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை. அப்புறம் விசாரிக்கிறேன்.

அம்மாவைப் பற்றி நீ அப்பாவிடம் கேட்டுவிட்டாய், இல்லையா? பதிலும் கிடைத்துவிட்டது. அதனால்தான் மெத்தையைப் பற்றி அவ்வளவு எழுதினாய்.

பேச முடியாத ஒருவரின் வாயில் சொல்லை வைத்து, அதற்கு வெள்ளை வேட்டி கட்டி, ஓரமும் அடித்துவிட்டாய். எதற்கு?

*

ஏப்ரல் 13

தங்கச்சி,

நீ விசாரிக்காவிட்டால் என்ன, நான் விசாரிக்கிறேன். சுகமா?

கேட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டிருந்தேன். உன்னைப் போல அம்மாவை வைத்து அல்ல. “வலிக்குதாப்பா?” சரி. “வலிக்கலையா?” சரி. “ஜன்னலைத் திறக்கவா?” சரி. “மூடவா?” சரி. இதெல்லாம் அத்தான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். டீச்சரம்மாவை வரச் சொன்னதும் நான்தான். சாட்சி வேண்டுமே.

உன் கடிதம் வந்தபிறகு அம்மாவைப் பற்றியும் கேட்டேன். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். உன் கேள்வி எவ்வளவு குரூரமானது என்று உனக்குத் தெரியுமா?

எதற்கு என்று கேட்கிறாய். உனக்கு இது வாதம். எனக்கு அப்படி இல்லை. வெளியே நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்று ஞாயிறுதோறும் அத்தான் பிரசங்கிக்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குடையோடு அப்பா நின்ற இடம். ஒருநாள் நான் அம்மாவிடம் போய்ச் சேருவேன். அவள் முதலில் என்ன கேட்பாள்? “அவர் எங்கடி? வெளியவே நிக்கறாரா?” அதற்கு நான் என்ன சொல்ல?

சரிக்கட்டப் பார்த்தேன். கர்த்தரையே. அப்பாவின் பாஷையில் வேறு வார்த்தை இல்லை. அதற்கு எனக்கு என்ன தண்டனை என்று உன் சட்டத்தில் பார்த்துச் சொல்.

சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். விடுதிக்குப் போன அன்று அவரிடம் உன் அவிசுவாசத்தைச் சொன்னதாகவும், சரி என்றதாகவும் எழுதியிருந்தாய். நான் அங்கேதான் இருந்தேன். அப்பா உன் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. அவர் சொன்னது முழுக்க எனக்கு ஞாபகம் இருக்கிறது. “சரி சரி, ரயிலுக்கு நேரமாச்சு, அந்த நுனியைப் பிடி.”

அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அப்பா உன் கட்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ எழுதினால் ‘ஒப்புக்கொண்டார்’. நான் எழுதினால் பொய்.

நீ அவரைக் காப்பாற்றப் பார்க்கிறாயா, ஆள் சேர்க்கிறாயா?

அக்கா

*

ஏப்ரல் 29

தங்கைக்கு,

பதில் போடவில்லை நீ. தபால்காரர் மணி அடித்தால் வாசலுக்கு ஓடுகிறேன். சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் விடுதித் தோழி யாராவது எழுதியிருப்பார்கள்.

நேற்று ஞாயிறு. வேட்டியை மடித்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பியாயிற்று, ஆவி பறந்துகொண்டிருந்தது. அத்தான் ஜெபிக்கக் கண்ணை மூடுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்பா எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்கிறார், எனக்கு முன்பே தெரியும், மறைத்துவிட்டேன் என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியம். மூச்சு வாங்கியது.

டீச்சரம்மா மட்டும், தான் அழுத அழுகையைத் திருப்பிக் கேட்பவர் போல, “அப்ப உங்கப்பா உள்ளயா, வெளியயா?” என்றார்.

“தெரியாது டீச்சர்.”

அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது இதுதான் முதல் தடவை. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கும் தெரியாது” என்றார். போதகர் வேலை இருக்குமா என்று இனிமேல்தான் தெரியும். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் என் பையை அவர் வாங்கிக்கொண்டார். கடைசியாக அப்படி வாங்கிக்கொண்டது கல்யாணமான புதிதில்.

இதோடு முடித்திருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. எழுதாவிட்டால் மறைத்ததாகும், எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

சாயங்காலம் பாலில் ரொட்டி நனைத்து அப்பாவுக்கு ஊட்டினேன். “இன்னும் ஒரு வாய்?” “சரி” என்றார். சொல்லிக்கொண்டே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உதட்டை இறுக்கிக்கொண்டார். வேண்டாம் என்றால் அப்படித்தான் செய்கிறார். இத்தனை நாள் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஜன்னலைத் திறக்கவா என்றபோது திருப்பிக்கொண்டார். இப்போது நினைவு வருகிறது.

அத்தான் கேட்ட இரண்டுக்கும் திருப்பிக்கொண்டார். என் கேள்விக்கு, அந்த மூன்றாவதுக்கு, திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது என்ன என்று எனக்குத் தெரியாது. கேள்வியைப் பார்த்தாரா, கேட்ட என்னைப் பார்த்தாரா, அதுவும் தெரியாது.

உன்னைத் திட்டியதற்கு வருத்தம். ஆனால் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. அப்பா மகள்தானே நானும்.

அக்கா

*

மே 5

அன்புள்ள அக்கா,

நலமா? முதுகு எப்படி? இந்தத் தடவை ஞாபகமாகக் கேட்கிறேன்.

பல்லில் முடிச்சு. அதை மறந்தே போயிருந்தேன். நுனியைப் பிடித்தது நினைவிருந்தது, பிடிக்கச் சொன்னது நினைவில்லை.

மூன்றாவது கேள்விக்கு முகம் திருப்பவில்லை என்கிறாய். பார்த்தது நீ மட்டும். டீச்சரம்மா அழுதுகொண்டிருந்தார், அத்தான் எழுந்துவிட்டார். ஒரே சாட்சி, அதுவும் முன்பு பொய் சொன்ன சாட்சி. எங்கள் கோர்ட்டில் நிற்காது. நீ சபையில் எழுந்து நின்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, சாயங்காலமே ரொட்டியோடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாயோ என்றுகூட எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை.

அதே சமயம், பொய் சொல்பவள் ‘அதுவும் தெரியாது’ என்று முடிக்க மாட்டாள்.

அவர் உள்ளே இருக்க வேண்டும் உனக்கு. வெளியே, என் பக்கத்தில் நிற்க வேண்டும் எனக்கு. அவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று இருவருமே கேட்கவில்லை. இனிமேல் கேட்டாலும் சரி என்பார்.

லீவு சொல்லியிருக்கிறேன். வருகிறேன். நானும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். கேட்பேன். ஆனால் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்க மாட்டேன்.

பிள்ளைகளிடம் சொல்.

கால்கிலோ

*

இந்தக் கடிதத்தைத் தங்கை தபாலில் போடவில்லை. உறையை ஒட்டாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அன்று மாலையே ரயில் ஏறினாள்.